மேகம் மூடும் நாளில் வருகிறேன்

ருய்வு சிகர விடுதி
4 செப்டம்பர் 1978

தம்பி பல்த்தசார்,

நாலரை வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கையெழுத்து அடையாளம் தெரிகிறதா? இதைக் கொண்டுவரும் லிஸ்பன் வாத்தியாருக்கு இங்கே ஒரு கிண்ணம் கோதுமை சூப் கொடுத்துவிட்டேன். அங்கே வந்ததும் நீ ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டும். மலையில் கடிதம் சுமப்பவருக்கு இரண்டு முனையிலும் சூப் என்பது நாம் வைத்த வழக்கம்தானே. நாம் பேசாமல் போனதில் எத்தனை பேர் வாயில் மண் விழுந்ததோ, பாவம்.

இன்று காலை கதவைத் திறந்தேன். கீழே ஊரும் இல்லை, கடலும் இல்லை. எங்கே பார்த்தாலும் மேகம். அதற்கு மேலே என் ருய்வு, நடுவில் கோபுரச் சிகரம், பூனைச் சிகரம், கடைசியில் உன் அரியேரு. மதெய்ரா என்ற தீவே கரைந்துபோய் நாலு குட்டித் தீவு மிச்சம் இருந்தது. உன் தீவில் புகை எழும்பியது. எழுந்துவிட்டான், காபி போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். கரகாஸிலிருந்து என் மகள் இசவ்ரா டிக்கெட் அனுப்பிவிட்டாள். "அம்மா, அந்த முட்டி வலிய வச்சிக்கிட்டு இன்னும் எத்தன குளிருக்கு மேகத்துக்குள்ள கெடப்ப? எங்க ரொட்டிக் கடையில வந்து அடுப்புப் பக்கத்துல உக்காரு" என்று எழுதியிருக்கிறாள். விடுதிக்குப் புதுக் காவலர் போட்டாயிற்று. 29ஆம் தேதி காலை என்னைக் கீழே சாந்தானாவுக்கு இறக்கக் கோவேறு கழுதை வருகிறது. 30ஆம் தேதி விமானம். போனால் திரும்ப மாட்டேன். அதை அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, இருவருக்கும் தெரியும்.

அதற்குள் நீ ஒரு தடவை இங்கே வர வேண்டும். நம் பாதையில் நடந்து வர வேண்டும். ஒரு வேளை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என் புருஷன் செத்த அன்று ஏன் வரவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேர நடை. வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா
ஸுல்மீரா


அரியேரு
6 செப்டம்பர்

அக்கா,

கடிதம் வந்தது. வாத்தியாருக்கு சூப் கொடுத்தேன். உப்பு குறைவு என்றார்.

கரகாஸ் போவது நல்ல முடிவு. இசவ்ராவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

இந்த மாதம் வேலை அதிகம். பருந்துக்கூட்டு வளைவு வரைக்கும் கைப்பிடிக் கம்பியை மாற்றுகிறோம். மழை தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. இடது குதிகாலில் ஒரு வலியும் இருக்கிறது.

நீ இங்கே வரலாமே. இங்கிருந்து நகரத்துக்குத் தார் ரோடு இருக்கிறது, வண்டி கிடைக்கும்.

பல்த்தசார்

அன்று காலைப் புகை காபிக்கானது இல்லை. பால் பொங்கி அடுப்பில் கொட்டிவிட்டது. உன் ஜன்னலில் விளக்கு ஏற்றும் நேரத்துக்குத்தான் நானும் ஏற்றுகிறேன். சும்மா சொன்னேன்.


ருய்வு
9 செப்டம்பர்

பல்த்தசார்,

குதிகாலில் வலியாம். உன் குதிகாலை எனக்குத் தெரியாதா? எட்டு வயதில் முள்ளம்பன்றி மாதிரி முள் குத்திக்கொண்டு வந்து, அதோடு திருவிழாவில் ஆடியவன் நீ.

நான் வர மாட்டேன். முட்டி ஒரு காரணம். வராமல் போனவன்தான் வர வேண்டும் என்பது இன்னொன்று.

நீ மறந்திருப்பாய், நான் சொல்கிறேன். 1974, மார்ச். விடியற்காலையில் கிரெகோரியு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டுக்காரன் கிரிஸ்பிம் உன்னிடம் ஓடினான். சிகரத்தில் செத்தவரை டோலியில்தான் இறக்க வேண்டும், முன் கழி மனைவியின் உடன்பிறந்தவன் தோளில்தான் இருக்க வேண்டும். உனக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? அம்மாவை இறக்கியபோது மாமாவின் முன் கழியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தோமே.

"பத்து மணிக்கு வந்துடுவான், பதினொண்ணுக்காவது வந்துடுவான்" என்று சாந்தானாவிலிருந்து ஏறி வந்த மூன்று பேரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் ஆயிற்று. அதில் ஒருத்தன் கேட்டேவிட்டான், "என்னம்மா, ஒன் தம்பி பாதையிலயே தூங்கிட்டானா?" கடைசியில் முன் கழியை யார் தூக்கியது தெரியுமா? பெரணிச் செடி பறிக்க வந்த ஓர் ஆங்கிலேயன். நல்ல மனுஷன். படிக்குப் படி ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினான். அவன் தோளில் என் புருஷன் போவதைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

நீ மறுநாள் சாந்தானா தேவாலயத்தில் பின்வரிசையில் நின்றாய். பஸ்ஸில் வந்திருந்தாய்! தீவின் உச்சிப் பாதையைக் காப்பவன், அக்காள் வீட்டுச் சாவுக்குத் தீவைச் சுற்றி பஸ்ஸில் வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது தப்பா, நீயே சொல்.

பூனைச் சிகரச் சுரங்கம் வரை பாதை உன் பொறுப்பு. அதற்கு இந்தப் பக்கம் கிரெகோரியுவின் பொறுப்பாக இருந்தது, இப்போது என்னுடையது. என் பாதியை நான் நடந்து பார்க்கிறேன், இந்த முட்டியோடு. நீ உன் பாதியை நடந்துவிட்டு அதோடு என் பாதியையும் நட. அவ்வளவுதான்.

ஸுல்மீரா


அரியேரு
13 செப்டம்பர்

அக்கா,

நீ எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை.

ஆனால் நாம் நாலரை வருஷம் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மேகம் ஏறிப் பாதையை மூடும்போதெல்லாம் உன் சங்கு கேட்கிறது. மூன்று சின்ன ஊதல். நான் ஒரு நீள ஊதல் ஊதுகிறேன். பாதையில் மாட்டிக்கொண்டவர்கள் எந்த முனை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஊதுகிறோம். ஆனால் பாதையில் ஒருவரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த நாளிலும் நீ ஊதியிருக்கிறாய், நானும் ஊதியிருக்கிறேன். போன பெப்ரவரியில் மூன்று நாள் உன் சங்கு கேட்கவில்லை. சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் இருமலோடு ஒரு மாதிரி இழுத்து ஊதினாய். காய்ச்சல் என்று புரிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் கம்பி போட்ட மதிலருகே உட்கார்ந்திருப்பேன். என் பூட்ஸுக்கு மேலே மேகம் வந்துவிடும், பிறகு முழங்கால், பிறகு கை. நானே இல்லாமல் போய், கேட்கிற காது மட்டும் இருக்கும். நன்றாகத்தான் இருக்கும். உன் மூன்று ஊதல் எங்கேயோ பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி வரும்.

29ஆம் தேதி நான் சாந்தானாவுக்கே வந்துவிடுகிறேன். பஸ்ஸில்தான். திட்டிக்கொள்.

பல்த்தசார்


ருய்வு
15 செப்டம்பர்

தம்பி,

சங்கு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த சோளக்கூழைத் தீய விட்டுவிட்டேன். பெப்ரவரியில் காய்ச்சல்தான். அதை விடு.

பஸ் வேண்டாம். நேற்று கிரிஸ்பிம் ஆடுகளைத் தேடிக்கொண்டு வந்தான். கேட்டேன்.

"என்னடா, என் தம்பிக்கு அப்படி என்ன வேலை?"

"வேலையா? நல்லா கேட்டீங்க போங்க! பருந்துக்கூட்டு வளைவு வரைக்கும் வருவாரு. அங்க நின்னுக்கிட்டு பைப்பு பத்த வெப்பாரு. கூலியாளுங்கள, 'போங்கடா, சுரங்கம் வரைக்கும் பாத்துட்டு வாங்க'ம்பாரு. அவரு மட்டும் அந்த வளைவத் தாண்ட மாட்டாரு."

"எத்தனை நாளா?"

"நாளா? வருஷம்னு கேளுங்க. அந்தப் பக்கம் புலியா இருக்கு? நீங்கதான் இருக்கீங்க. ஒங்களுக்குப் பயந்துட்டுத்தான் வரலன்னு என் ஆடுங்ககூடப் பேசிக்குது."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷம் என்றால் எத்தனை வருஷம்? கிரெகோரியு சாவதற்கு முன்பிருந்தா? என்மேல் உனக்கு என்ன குறை, அல்லது அவர்மேல் என்ன குறை? அந்த வளைவில் என்ன இருக்கிறது?

இன்னும் பதினான்கு நாள்தான். குறையை மனதில் வைத்துக்கொண்டு என்னைக் கடல் தாண்ட விடாதே. எழுது.

அக்கா


அரியேரு
18 செப்டம்பர்

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இன்று காலை ஒரு செடி ஆராய்ச்சிக்காரப் பெண்மணி உன் பக்கம் போகிறாள். கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும்.

குறை ஒன்றும் இல்லை. பயம்.

1973 நவம்பர். ஐந்து நாள் மழை பெய்து விட்டிருந்தது. வளைவில் கம்பி கட்டிய கம்பம் ஆடுகிறது என்று பார்க்கத் தனியாகப் போனேன். கம்பத்தில் கை வைத்தேன், வேரோடு வந்துவிட்டது. அடுத்த நொடியில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கினேன். ஒரு கை மட்டும். கத்தவில்லை. கத்தினால் யார் வருவார்கள்?

கீழே மேகம் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், அதுதான் தப்பு. கொஞ்ச நேரத்தில் மேகம் நின்றுவிட்டது. மலைதான் நகர ஆரம்பித்தது. மலை என்னைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகிறது, நான் மெதுவாக மிதந்துகொண்டிருக்கிறேன். அக்கா, சொன்னால் நம்ப மாட்டாய், சுகமாக இருந்தது. கையை விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. கையை விட நினைத்தேன். அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எப்படியோ ஏறி வந்தேன். மறுநாள் வளைவுக்குப் போனேன், கால் நின்றுவிட்டது. திட்டினேன், அடித்தேன், நகரவில்லை. பள்ளத்தைப் பார்த்தால் அந்தச் சுகம் திரும்ப வருகிறது. விழுந்துவிடுவேன் என்ற பயம் இல்லை. விட்டுவிடுவேன் என்ற பயம்.

கிரிஸ்பிம் சாவுச் செய்தி கொண்டுவந்த அன்று கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். வளைவில் தவழ்ந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அப்போது அங்கே கம்பியும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பாறையில் முகத்தை வைத்து வாந்தி எடுத்தேன். மதியம்வரை அங்கேயேதான் கிடந்தேன். நீ "வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் அங்கேதான் இருந்தேன். பிறகு நகரத்துக்கு இறங்கி பஸ் ஏறினேன்.

பாதைக்காரனுக்கு உயரம் பயம் என்று எப்படிச் சொல்வது? நீ என்மேல் கோபமாக இருந்தது வசதியாக இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

பெண்மணி தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பல்த்தசார்


ருய்வு
20 செப்டம்பர்

என் கண்ணே,

மடையா. எத்தனை பெரிய மடையன் நீ! உன்னை எட்டு வயதிலேயே இந்த மலையிலிருந்து உருட்டி விட்டிருக்க வேண்டும் என்று எழுத வந்து, எழுதியதை இப்போது அடிக்கிறேன்.

அந்தப் பெண்மணி சூப் குடித்துக்கொண்டே, "ஏன் அழறீங்க? கெட்ட சேதியா?" என்று கேட்டாள். இல்லை, நல்ல சேதிதான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே அவ்வளவாகப் புரியவில்லை. நாலரை வருஷமாக உன்னைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மூன்று மட்டும் இருக்கட்டும்.

நீ வர வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்லாவிட்டால் என்ன, உன் முகம் எனக்குத் தெரியாததா? சாந்தானாவுக்கு பஸ்ஸில் வா. எவனாவது சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை மேகம் உன் பக்கம் சிவப்பாகப் போனது. மலை நகர்கிறதா என்று நானும் நின்று பார்த்தேன். உண்மைதான். நகர்கிறது.

அக்கா


அரியேரு
25 செப்டம்பர்

அக்கா,

பஸ்ஸில் வர மாட்டேன். ஒரு தடவை வந்தது போதும். உன் வீட்டுக்கு உன் வீட்டு வாசல் வழியாக வருகிறேன்.

எப்படி என்று கேட்பாய். 21ஆம் தேதி காலை மேகம் நன்றாக ஏறிவிட்டது. பாதையை மூடிப் பலகை மாட்டிவிட்டு, சும்மா வளைவு வரை போனேன். நீட்டிய கை தெரியவில்லை. பள்ளம் இருக்கிற பக்கம் வெள்ளையாக ஒரு சுவர் மாதிரி இருந்தது. கால் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா! கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன். நூறு அடி போயிருப்பேன். திரும்பி வந்து அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஊரெல்லாம் வானம் தெளிந்தால் நடக்கும். நான் மூடினால் நடப்பேன். நீ செல்லும் நாளுக்குள் மேகம் மூடும் முதல் நாளில் வருகிறேன். என் முனையில் ஊதக் கூலியாளை வைத்துவிடுவேன். நீ எப்போதும் போல ஊது. இடக் கையில் கம்பி, காதில் உன் சங்கு. இரண்டும் இருந்தால் போதும்.

நாலு நாளாக வானம் பளிங்கு மாதிரி இருக்கிறது. நடக்க வந்தவர்கள் "என்ன அருமையான வானிலை!" என்கிறார்கள். எனக்கு அவர்களைத் தள்ளிவிடலாம் போல இருக்கிறது.

ஏதாவது சமைத்து வை. பூண்டு அதிகமாகப் போடு.

பல்த்தசார்


ருய்வு
27 செப்டம்பர், மாலை

பல்த்தசார்,

உன் கடிதம் இன்று சாயங்காலம்தான் வந்தது. வேண்டாம். மேகத்தில் வராதே. கம்பியை நம்பி வராதே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பாதியில், சுரங்கத்துக்கு இந்தப் பக்கம், படிகள் ஏறத் தொடங்குவதற்கு முன்னால், முப்பது அடிக்குக் கம்பி இல்லை. மே மாதம் பாறை விழுந்து கம்பத்தோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பிச் சுருள் உன் கொட்டகையில்தான் இருக்கிறது. உன்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. 'கவனம்' என்று ஒரு பலகை எழுதி நட்டுவிட்டு, கண் இருக்கிறவன் பார்த்துப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். உன்னை இத்தனை திட்டியவள் செய்த காரியம் இது.

நாளைக் காலை உன் பக்கம் போகிற முதல் ஆளிடம் இதைக் கொடுக்கிறேன்.

28 காலை, அதே தாளில்.

கதவைத் திறந்தால் மேகம். வாசற்படிகூடத் தெரியவில்லை. இந்த ஒரு நாளுக்காக நீ எத்தனை நாள் காத்திருந்தாய்! பாதையை மூடியாயிற்று. கடிதம் கொண்டுபோக ஒருவரும் இல்லை. ஊதினால் நீ என்னை நோக்கி வருவாய். ஊதாவிட்டால், நேற்று ஏறிய யாராவது மாட்டியிருந்தால் அவர் கதி என்ன? ஊதிவிட்டேன், தம்பி. மூன்று தடவை ஊதி நிறுத்தினேன், உன் முனையின் நீள ஊதல் வந்தது. அது உன் மூச்சு இல்லை. கூலியாள் ஊதுகிறான். நீ கிளம்பிவிட்டாய்.

பத்து மணிக்கு என் பக்கம் வெளுத்துவிட்டது. மேகம் கீழே இறங்கிவிட்டது. தெளிந்த வானத்தில் சங்கு ஊதுவதில்லை, நிறுத்திவிட்டேன். தெளிந்ததால் நீ திரும்பிப் போயிருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை.


பூனைச் சிகரச் சுரங்கம்
28 செப்டம்பர், பதினோரு மணி இருக்கும்

அக்கா,

பென்சிலில் எழுதுகிறேன். மேலேயிருந்து தாளில் சொட்டுகிறது, பொறுத்துக்கொள்.

பாதி வந்துவிட்டேன். வளைவைத் தாண்டினேன், பாறைப் படிகளைத் தாண்டினேன். உன் மூன்று ஊதல் வந்துகொண்டே இருந்தது. மேகத்துக்குள் நடப்பது தூக்கத்தில் நடப்பது மாதிரிதான். ஒரு சின்னக் குருவி என் தோளுக்குப் பக்கத்திலேயே கம்பியில் தாவித் தாவி வந்தது. அம்மா, கிரெகோரியு, எல்லோரும் கூடவே நடந்தார்கள். கிரெகோரியுவிடம் அன்றைக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட, வுடு மச்சான், அந்த இங்கிலீஷ்காரன் நல்லாத்தான் தூக்கினான்" என்றார்.

சுரங்கத்துக்குள் நுழைந்தபோது வெள்ளை. அந்தப் பக்கம் வெளியே தலை நீட்டினால் வெயில். தெற்கே கிடந்த மேகத்தைப் பார்த்து வடக்கேயும் மூடியிருக்கும் என்று நினைத்துவிட்டேன். முப்பது வருஷப் பாதைக்காரன் செய்கிற தப்பா இது! கோபுரச் சிகரத்தின் அடி வரை பள்ளம் தெரிகிறது. கீழே மேகம் போகிறது, மலை நகர்கிறது. திரும்பிப் பார்த்தால் வந்த பக்கமும் இப்போது தெளிந்துவிட்டது. இரண்டு வாயிலும் வெயில். நடுவில் இந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மாட்டிய பலகையையும் மீறி அரியேருவிலிருந்து ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. "சூப்" என்றேன், புரிந்தது. அவர்களிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வானம் தெளிவாக இருந்தாலும் பரவாயில்லை, சங்கை ஊது. விடாமல் ஊது. கண்ணைக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் சத்தத்தைப் பார்த்து வந்துவிடுவேன். கைக்குட்டையை மடித்து வைத்திருக்கிறேன். முதல் ஊதல் கேட்டதும் எழுந்திருப்பேன். கேட்கும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

உன்னைப் பார்க்க வேண்டும், அக்கா. நாளைக்கு நீ போய்விடுவாய்.

தம்பி


பாதையில்
28 செப்டம்பர்

தம்பி,

சங்கு கேட்காது. நான் ஊத மாட்டேன். ஊதினால் நீ எழுந்துவிடுவாய். இங்கே என் பாதியில் முப்பது அடிக்குக் கம்பி இல்லை. என் தப்பு. இதோடு இருக்கும் நேற்றைய கடிதத்தைப் பிறகு படித்துக்கொள், இப்போது கைக்குட்டையைப் பையில் போடு.

இந்த ஜெர்மன் பெண்ணுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி கால். சூப் கிண்ணத்தைக்கூட முடிக்காமல் திரும்பி ஓடி வருகிறாள், அதனால் கடிதம் முன்னால் வருகிறது. அவள் புருஷனை அடுப்பைப் பார்க்க உட்கார வைத்திருக்கிறேன். பூண்டு தீயாமல் கிளறச் சொல்லிக் கையால் காட்டினேன், தலையாட்டினான்.

நான் கம்பி இல்லாத இடத்துக்கு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து இதை எழுதினேன். முட்டி வீங்கிவிட்டது, ஆனால் நடக்கிறது. அரை மணி நேரத்தில் சுரங்கத்துக்கு வந்துவிடுவேன். எழுந்திருக்காதே. வாசலுக்கும் வராதே. இருட்டிலேயே இரு, கூப்பிடுகிறேன்.

என்னோடு ருய்வுக்கு வரும்போது கண்ணைத் திறந்துகொண்டே வா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வா. நாலரை வருஷம் பார்க்காத முகம்தானே, வேடிக்கை பார்க்க நிறைய இருக்கும். நீ மலைப் பக்கம் நட. பள்ளத்துப் பக்கம் நான் நடக்கிறேன்.